மறு: சாலை ‘மில்லிங்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மூன்று வாரமாக இந்த மடல் இழையை ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். பழைய சாலையின் மேல்தளத்தை எந்திரத்தால் எடுத்துவிட்டுப் புதுத்தளம் போடுகிறார்களே, அந்த ‘மில்லிங்’ வேலைக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கோவை அண்ணன் ஆரம்பித்தது. பேராசிரியர் ஐயா இரண்டு மடலில் வேர்ச்சொல் வரை போய்விட்டார். நான் படித்தவன் இல்லை. வடசென்னையில் ஜெராக்ஸ் கடை, கூடவே தட்டச்சு. காலையில் ஷட்டரைத் தூக்கினால் ராத்திரி வரை மனு அடிப்பதுதான் வேலை. குடிநீர், தெருவிளக்கு, பெயர் மாற்றம், மழைநீர் வடிகால், சொத்துவரி. அதனால் இந்தச் சொல் எனக்கு ஆராய்ச்சி இல்லை, அன்றாடம் கைக்கு வேண்டிய சாமான். நேற்று ஒரே நாளில் நான்கு மனுவில் தேவைப்பட்டது.

முதலில் என் கதை. எங்கள் தெருவில் இட்லிக் கடை போட்டிருக்கும் ஆயா ஒருவர், சாலையை அப்படியே மேலே மேலே போடாதீர்கள் என்று மனு எழுதித் தரச் சொன்னார். நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி ‘பொருள்: சாலைச் சுரண்டல் தொடர்பாக’ என்று தலைப்புக் கொடுத்தேன். போன வேகத்தில் ஆயா திரும்பி வந்துவிட்டார். மனுவை வாங்கியவர் தலைப்பைப் பார்த்துவிட்டு, “யாரும்மா சுரண்டினாங்க? ஊழல் புகார்னா அதுக்கு வேற இடம் இருக்கு” என்று சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தத் தலைப்பை யார் படித்தாலும் அப்படித்தான் தோன்றும்.

சரி, அடுத்த முறை ‘சாலையைப் பெயர்த்துவிட்டுப் புதிதாக அமைக்க வேண்டும்’ என்று மாற்றினேன். அதுவும் திரும்பியது. “பெயர்க்கறதுன்னா அடியோட எடுக்கறது, அதுக்கு எஸ்டிமேட்டே வேற” என்று பதில். இதுவும் நியாயம்தான். ஒரு சொல் தப்பினால் வேலையே வேறாகிவிடுகிறது. ஆயாவுக்கு இரண்டு நடை, எனக்கு இரண்டு தாள்.

வெளியூர் நண்பர்கள் சிலர் ‘இதற்கு இவ்வளவு விவாதமா’ என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று பாருங்கள். தாத்தா கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறி வீட்டுக்குள் போக வேண்டும். இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். வீடு புதையவில்லை, தெருதான் வளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் 40 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஐந்து முறை போட்டதும் 20 சென்டிமீட்டர். ஒரு படிக்கட்டு உயரத்துக்கு மேலேயே வந்துவிடும். ஐப்பசி பிறந்தால் வாசலில் செங்கல் அடுக்கி சிமென்ட் பூசுவது எங்கள் தெருவில் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிப்பது மாதிரி ஒரு வழக்கமாகிவிட்டது. தெருத்தண்ணீர் கேப்டன் காட்டன் கால்வாய்க்கோ பக்கிங்ஹாம் கால்வாய்க்கோ போய்ச் சேர்வதற்குள் எங்கள் கூடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போகும்.

இதற்குத்தான் அந்த வேலை. பழைய சாலையின் மேல்தளத்தை, புதிதாகப் போடப்போகும் கனத்துக்கு எடுத்துவிட்டு, அதே மட்டத்தில் புதுத்தளம் போடுவது. 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, சாலைகளை இப்படி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். அதிலிருந்து ‘மில்லிங்’ என்ற சொல் தெருவுக்கு வந்தது. இன்று கவுன்சிலரிடம் போகிறவர், தேர்தலில் ஓட்டுக் கேட்கிறவர், டீக்கடையில் நிற்பவர் எல்லோர் வாயிலும் “மில்லிங் பண்ணாங்களா?” என்பதுதான். சொல் வந்துவிட்டது, பொருள் பாதிப் பேருக்கு வரவில்லை. எங்கள் பக்கம் மில் என்றால் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாட்டிக்) துணி மில். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்த மில் ஆட்களை வைத்துத்தான் தொடங்கியது. என் தாத்தாவும் அங்கே நெசவுப் பகுதியில் இருந்தவர். சாலையில் என்ன மில் என்று வயசானவர்கள் கேட்கும்போது சிரிக்க எனக்கு மனம் வருவதில்லை.

இனி வந்திருக்கும் பரிந்துரைகள்.

> ‘சாலை அரைப்பு’ எனலாம். மில் என்றால் அரைப்பதுதானே.

தம்பி, கோபித்துக்கொள்ளாதே. இது ஆங்கிலச் சொல்லைப் பார்த்துச் செய்தது, எந்திரத்தைப் பார்த்துச் செய்தது இல்லை. அங்கே ஒன்றும் அரைபடுவதில்லை. விட்டுவிடலாம்.

> ‘இழைப்பு’. தச்சர் இழைப்புளியால் மரத்தை இழைப்பது போல.

பொறியாளர் நண்பர் சொன்ன இது உண்மையில் அழகான சொல். இரண்டு நாள் எனக்கும் இதன் மேல்தான் ஆசை. அப்புறம் ஒரு ராத்திரி, கடை மூடிவிட்டு வரும் வழியில் அந்த எந்திரம் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வயிற்றுக்கு அடியில் ஒரு பெரிய உருளை. உருளை முழுக்க விரல் தடிமனில் இரும்புப் பற்கள். அது சுற்றச் சுற்ற தார்த்தளம் கறுப்புத் துகளாகப் பெயர்ந்து, பட்டை வழியாக மேலே ஏறி, முன்னால் போகும் லாரியில் கொட்டுகிறது. சூடு தணிய உள்ளே தண்ணீர் தெளிக்கிறார்கள். ஈரத்தாரும் புழுதியும் கலந்த ஒரு வாடை. எந்திரம் நகர்ந்தபின் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தேன். வழவழப்பு இல்லை. சீப்பால் வாரினதுபோல நெடுக வரிவரியாகப் பள்ளம். அந்தச் சொரசொரப்பு இருந்தால்தான் புதுத்தளம் பிடிக்குமாம். இழைத்த மரம் கண்ணாடி மாதிரி அல்லவா இருக்கும்? இழைத்துத் தாருங்கள் என்று மனுப் போட்டால் வழுக்குகிற சாலை கேட்டதாக ஆகிவிடும்.

(இழையில் இழைப்பைப் பற்றி எழுதுகிறேனே என்று எனக்கே சிரிப்பு.)

‘அகழ்வு’ வேண்டாம். கீழடிக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டாலே பானை ஓடு கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறோம். ஆழமும் அதிகம். ‘வெட்டு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது ஏற்கெனவே ஆள் அமர்ந்த நாற்காலி. குடிநீர்க் குழாய்க்கும் மின்கேபிளுக்கும் தோண்டுவதை ‘சாலை வெட்டு’ என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். ‘மழித்தல்’ இலக்கியச் சொல், மயிரைவிட்டு வெளியே வராது.

‘சுரண்டல்’ பற்றிப் பேராசிரியர் ஐயா சொன்னது சரியே: மூலப்பொருள் நகத்தால், கருவியால் கீறி எடுப்பதுதான், மற்றது பின்னால் ஏறியது. சுரண்டல் லாட்டரி என்று நாமே சொல்லியிருக்கிறோம், அப்போது யாரும் குழம்பவில்லை. ஆனால் ஐயா, லாட்டரி 2003-லேயே போய்விட்டது; மிச்சமிருப்பது மற்ற சுரண்டல்தான். வினையாக ‘சுரண்டிவிட்டுப் போடுங்கள்’ என்று சொன்னால் ஒரு சங்கடமும் இல்லை. பெயர்ச்சொல்லாக்கினதும் மேடைப் பேச்சு ஆகிவிடுகிறது. மாமன்றத்தில் ஒரு உறுப்பினர் எழுந்து, ‘என் வார்டில் சுரண்டல் சரியாக நடக்கவில்லை’ என்று பேசினால் அவைக்குறிப்பில் எப்படி எழுதுவார்கள்?

இப்போது என் பங்கு. இது நான் கண்டுபிடித்தது இல்லை. இரண்டாம் முறை மனு திரும்பியபோது ஆயாவே சலித்துப்போய்ச் சொன்னது:

“இன்னா தம்பி நீ, பெரிய பெரிய வார்த்தையா போடறே. மேலாப்புல மாவு வழிக்கிற மாதிரி வழிச்சு எடுத்துட்டு அப்பால போடச் சொல்லுப்பா.”

வழித்தல். கிரைண்டரில் மாவு வழிக்கிறோம், சட்டியை வழிக்கிறோம், முகம் வழிக்கிறோம். மூன்றிலும் மேலே ஒட்டியிருப்பதை, ஒரே சீராக, அடியில் இருப்பதற்குச் சேதமில்லாமல் எடுக்கிறோம். அடியோடு பெயர்ப்பதில்லை, நகத்தால் அங்கங்கே கீறுவதும் இல்லை. முகம் வழிப்பது இன்னும் பொருத்தம், வளர வளர வழிக்க வேண்டும். எங்கள் தெருவும் வளர்கிறது.

மனு வாசகத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘பழைய மேல்தளத்தை வழித்த பின்னரே புதிய சாலை அமைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.’ இடிக்கவில்லை. ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பில்: ‘மேல்தளம் வழித்து, தார்ச்சாலை அமைக்கும் பணி.’ உட்காருகிறது. கேள்வி நேரத்தில்: ‘வழிப்பு ஆழம் எவ்வளவு, யார் அளந்தார்கள்?’ இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியம். ‘மில்லிங் செய்யப்பட்டதா’ என்றால் ‘செய்யப்பட்டது’ என்று ஒற்றை வரியில் பதில் வந்துவிடும். வழித்தார்களா என்று கேட்டால், எவ்வளவு வழித்தீர்கள் என்ற அடுத்த கேள்வி ஆயாவுக்கே வரும். 40 போடுகிற இடத்தில் 40 வழித்தார்களா, 10 வழித்தார்களா என்று வாசற்படியில் ஒரு குச்சியை வைத்து அளந்துவிடலாம்.

கேலி வரும் என்பது தெரியும். ‘வழிசல்’ என்று யாராவது தொடங்குவார்கள், கல்லூரிப் பிள்ளைகள் குழுவில் இருக்கிறார்கள். அதனால்தான் பெயர்ச்சொல்லை ‘வழிப்பு’ என்று வைக்கச் சொல்கிறேன். எந்திரம் ‘வழிப்பு எந்திரம்’. ‘வழிப்பான்’ என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். சவரக் கத்தி மாதிரி இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. வழி என்றால் பாதை என்ற குழப்பம் வராதா என்றால், ‘மேல்தளம்’ முன்னால் நிற்கும்போது வராது.

எடுத்த துகளுக்குப் பெயர் வேண்டும் என்று கோவை அண்ணன் கேட்டிருந்தார். அதைக் கழித்துவிட வேண்டியதில்லை, சூடுபடுத்திப் புதுக் கலவையில் மறுபடியும் சேர்க்கலாம். அதனால் பெயர் அவசியம்தான். ‘துருவல்’ என்று அக்கா ஒருவர் முழு வேலைக்கே சொன்ன சொல் இருக்கிறதே, அதை இங்கே இறக்கிவிடலாம். தார்த் துருவல். பல்வைத்த உருளையில் தேங்காய் துருவினமாதிரிதான் விழுகிறது, கண்ணால் பார்த்தேன். யாழ்ப்பாணத்து அக்கா ‘தார் தவறு, நிலக்கீல் என்று சொல்லுங்கள்’ என்கிறார். பொருளைப் பார்த்தால் அவர் சொல்வதே சரி, இப்போது சாலைக்கு ஊற்றுவது பெட்ரோலியத்திலிருந்து வருவது, நிலக்கரித் தார் இல்லை. கீல் என்ற சொல்லும் நமக்குப் பழையது. ஆனால் தார்ச்சாலை என்பதை எங்கள் ஊர் வாயிலிருந்து பிடுங்க என்னால் ஆகாது அக்கா. பாடநூலில் நிலக்கீல், மனுவில் தார். மன்னித்துவிடுங்கள்.

‘அதிகாரிகள் ஏற்பார்களா’ என்று ஒரு பெருமூச்சு இந்தக் குழுவில் எப்போதும் உண்டு. மாநகராட்சித் தமிழை அவ்வளவு மட்டமாக நினைக்க வேண்டாம். ஒப்பந்தப்புள்ளி, நிலைக்குழு, மழைநீர் வடிகால் எல்லாம் ஒரு காலத்தில் புதுச்சொல்லாக இருந்தவைதான். அவையில் ‘ஜீரோ ஹவர்’ என்பதை ‘பூஜ்ய நேரம்’ என்று எழுத்துக்கு எழுத்து மாற்றாமல் ‘நேரமில்லா நேரம்’ என்று யாரோ வைத்தாரே, அவர் கைக்கு ஒரு மோதிரம் போடலாம். எல்லாமே வென்றுவிடவும் இல்லை. வார்டு என்பதற்கு வட்டம் இருந்தது, கோட்டம் இருந்தது. வட்டத்தைக் கட்சிகள் எடுத்துக்கொண்டன, வட்டச் செயலாளர் இல்லாத சுவரொட்டி வடசென்னையில் ஏது? கோட்டம் கோப்புக்குள் கிடக்கிறது. 2011-ல் நகரம் விரிந்து 155 என்பது 200 ஆனபோதும் ஜனங்கள் வார்டு என்றுதான் எண்ணினார்கள். வாயில் ஏறியதைக் கோப்பும் ஏற்கும், அதுதான் நான் பார்த்தது. வழிப்பது ஏற்கெனவே வாயில் இருக்கிறது.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. அந்த வரிவரியான சொரசொரப்பு. கொத்தனார் பூச்சுக்கு முன் சுவரைக் கொத்திவிடுவார், அம்மி தேய்ந்தால் பொளிய வேண்டும். அந்த அர்த்தம் ‘வழிப்பில்’ இல்லை, மாவு வழித்த கிரைண்டர் வழுவழுவென்றுதான் இருக்கும். பொறியாளர் நண்பர் இதைப் பிடித்துக்கொண்டு என்னை மடக்குவார், இழைப்பை நான் மடக்கிய அதே கொக்கியால். மடக்கட்டும். ‘கொத்து வழிப்பு’ என்று சேர்த்துப் பார்த்தேன், கொத்து பரோட்டா ஞாபகம்தான் வந்தது. இன்னொன்று, எங்கள் சந்துகளுக்குள் அந்தப் பெரிய எந்திரம் வளையவே வளையாது. ஜேசிபி பல்லால் வாரி எடுக்கிறார்கள். அதையும் வழிப்பு என்று கணக்கில் எழுத விடக்கூடாது. அது வாருதல். இதைத் தனி இழையாக யாராவது தொடங்குங்கள்.

நாளைக் காலை பத்து மணிக்கு ஆயா மூன்றாவது முறையாக வருகிறார். ‘பொருள்: மேல்தளம் வழித்தபின் சாலை அமைக்கக் கோருதல்’ என்று அடித்து வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் யாருக்காவது தோன்றினால் இன்று ராத்திரிக்குள் எழுதிவிடுங்கள். பிரிண்ட் எடுத்தபிறகு சொன்னால் அந்தத் தாளுக்குக் காசு நீங்கள்தான் தர வேண்டும்.

அன்புடன்,
ஜெராக்ஸ் கடைக்காரன்
வடசென்னை