வகுப்பில் துடைப்பம் ஏன் எப்போதும் பெண் பிள்ளைகள் கையில்?

கெடிலக்கரை:
வணக்கம். கடலூர் கடலோரப் பள்ளி, நாலாம் வகுப்பு, 32 பிள்ளைகள். பெருக்குவது, கோலம் போடுவது பெண் பிள்ளைகள். பெஞ்சு நகர்த்துவது, ஆபீசுக்குப் போய் வருவது பையன்கள். யாரும் சொல்லாமலே பிரித்துக்கொள்கிறார்கள். ஆண் பெண் சமத்துவம் பற்றிக் கேள்வி கேட்டால் எல்லோரும் சரியாக எழுதுகிறார்கள். மணி அடித்ததும் துடைப்பம் பழைய கைக்கே போகிறது. எங்கே ஆரம்பிப்பது?

முத்தியால்பேட்டை:
டீச்சர், வேலைப் பட்டியலில் ஆரம்பியுங்கள். நாலு பேர் வீதம் 8 குழு, எல்லாவற்றிலும் இருபாலரும். பெருக்குதல், கரும்பலகை, குடிநீர், சாப்பாட்டுத் தட்டு, செடி, நோட்டு சேகரிப்பு, பெஞ்சு, ஆபீஸ் தகவல் என்று 8 வேலை. வாரம் ஒன்றாகச் சுற்றினால் 8 வாரத்தில் ஒரு சுற்று முடியும்.

இதில் ஆபீசுக்குப் போவதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். போகிறவன் பெரியவர்களிடம் பேசுகிறான், சொன்னதை நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்கிறான், கூச்சம் போகிறது. வீட்டில் கடைக்கு அனுப்புவதும் இப்படித்தான்: காசு எண்ணவும் மீதி கேட்டு வாங்கவும் பழகுகிறவன் அவன். பத்து வருஷம் ஒருத்தியை உள்ளேயே வைத்துவிட்டு, "பொம்பளப் புள்ளைக்கு வெளி விவரம் தெரியாது" என்று அதையே காரணமாகக் காட்டுகிறோம்.

குழு கலந்திருந்தாலும் உள்ளுக்குள் துடைப்பம் கை மாறும். அதனால் நாள்வாரியாகப் பெயர் எழுதி ஒட்டுங்கள். பையன் அரைகுறையாகப் பெருக்கினால் பக்கத்துப் பெண் வாங்கிப் பெருக்குவாள், அதை விடாதீர்கள். பெஞ்சுக்கு அடியில் தொடங்கி வாசல் பக்கமாகத் தள்ள அவனுக்குக் கற்றுக்கொடுத்து, மறுபடி அவனையே செய்யச் சொல்லுங்கள்.

உப்பனாறு:
எல்லாம் சரி, கனமான வேலைக்குப் பையன்கள்தானே தோது?

அரியாங்குப்பம்:
இல்லை சார். பருவம் அடையும் முன் உடல் பலத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. 20 லிட்டர் கேன் 20 கிலோ. ஒன்பது வயதில் அதை யாருமே தூக்கக் கூடாது. பெஞ்சை நாலு பேர் பிடித்தால் நகரும்.

டீச்சருக்கு இன்னொன்று: "பாய்ஸ் ஒரு லைன், கேர்ள்ஸ் ஒரு லைன்" என்பதை நிறுத்துங்கள். ஹில்லியர்ட், லிபன் இருவரும் அமெரிக்கப் பாலர் பள்ளிகளில் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் இரண்டு வாரம் இப்படிப் பிரித்துப் பேசியதுமே "இது ஆணுக்கு, இது பெண்ணுக்கு" என்ற எண்ணம் பிள்ளைகளிடம் கூடியது. எதிர்பாலருடன் விளையாடுவதும் குறைந்தது. பதிவேட்டு வரிசையை மாற்ற முடியாவிட்டாலும் கூப்பிடும் வரிசையை மாற்றலாம். பையன் பெருக்கினால் கைதட்டவும் வேண்டாம். தட்டினால் அது அவன் செய்த உதவியாகிவிடும், அவன் வேலையாக இருக்காது.

பாடமே வீண் என்றும் சொல்ல மாட்டேன். ஹரியானாவில் 314 அரசுப் பள்ளிகளை வைத்து நடந்த ஆய்வில், இரண்டரை வருஷம் தொடர்ந்து வகுப்பு நடத்திய பள்ளிகளில் பையன்கள் வீட்டு வேலையில் கூடுதலாகக் கை கொடுத்தார்கள். ஒரு நாள் சொற்பொழிவுக்கு அந்தப் பலன் வராது.

வில்லியனூர்:
வீட்டில் யார் என்ன செய்தார்கள் என்று மணிவாரியாகக் கட்டம் போட்டு எழுதச் சொல்லலாம். 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் சம்பளமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் தருகிறார்கள், ஆண்கள் 88. பிள்ளைகளே கூட்டிப் பார்க்கட்டும். ஆனால் உங்கள் பக்கம் விடியும் முன் கடலுக்குப் போகிற அப்பா பகலில் தூங்குவார். பகலை மட்டும் எழுதினால் அவர் சும்மா இருப்பதாகத் தெரியும். 24 மணி நேரமும் எழுதச் சொல்லுங்கள். விசைப்படகுத் தடைக்காலம் ஜூன் 14 வரை. பள்ளி திறந்ததும் ஒன்று, தடை முடிந்தபின் ஒன்று எடுத்தால், அப்பா கரையில் இருக்கும் நாளில் சமையல் யார் கையில் என்று புரியும். தாளில் பெயர் வேண்டாம், உரக்கப் படிக்கவும் வேண்டாம். அப்பா இல்லாத வீடும் குடித்துவிட்டு வரும் வீடும் அதில் இருக்கும்.

கெடிலக்கரை:
மிக்க நன்றி. "எம் புள்ளைய பெருக்க விடுறீங்களா" என்று பெற்றோர் வந்தால்?

முத்தியால்பேட்டை:
பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பட்டியலை முன்கூட்டியே காட்டிவிடுங்கள். இத்தனை நாள் யார் பெருக்கினார்கள் என்ற ஒரு வாரக் குறிப்பையும் கூடவே வையுங்கள். கழிப்பறை கழுவுவது மட்டும் எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம்.