மிச்சம் பிடித்த காசை எங்கே வைப்பது: பேங்கா, தங்கமா, சீட்டா?

ஆற்றங்கரைத்தம்பி (ரங்கூன்):
எல்லோருக்கும் வணக்கம். ஒரு வீட்டுச் சண்டையை இங்கே கொண்டுவந்திருக்கிறேன், தீர்த்துவையுங்கள். நான் வண்டி உதிரிபாகக் கடையில் வேலை பார்க்கிறேன். வீட்டில் அவள் தையல். இரண்டு சம்பாத்தியமும் சேர்ந்து மாதம் 9 லட்சம் கியாட். வாடகை, அரிசி, எண்ணெய், கரண்ட் இல்லாத நேரத்து ஜெனரேட்டர் காசு, பிள்ளைக்குப் பால்மாவு எல்லாம் போக ஒன்றரை லட்சம் மிஞ்சும். சில மாதம் அதுவும் மிஞ்சாது. இப்படிச் சேர்ந்தது 18 லட்சம். பிளாஸ்டிக் பையில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் கிடக்கிறது.

அவள் தங்கம் வாங்கு என்கிறாள். அப்பா பேங்கில் போடு என்கிறார். மாமியார் சீட்டில் சேரச் சொல்கிறார். மகளுக்கு இரண்டு வயது. அவள் பள்ளிக்கூடம் போகும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

மோல்மீன் அக்கா:
தம்பி, உன் வீட்டுக்காரி சொல்வதைக் கேள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 2021 தொடக்கத்தில் ஒரு கியாட்தா (நம் இரண்டு பவுன் போல) தங்கம் 13 லட்சத்தைச் சுற்றி இருந்தது. 2024இல் 50 லட்சத்தைத் தாண்டிவிட்டது. எந்த பேங்க் இப்படித் தரும்?

என் அம்மா காலையில் இட்லி விற்றவர். அக்கா கல்யாணத்துக்கென்று தலையணை உறைக்குள் 75 கியாட் நோட்டாக அடுக்கி வைத்திருந்தார். 1987 செப்டம்பர் 5ஆம் தேதி 25, 35, 75 மூன்றும் செல்லாது என்று அறிவித்தார்கள். ஒரு கியாட் கூட மாற்றித் தரவில்லை. பிறகு வந்தது 45, 90 என்ற நோட்டுகள், ஒன்பதால் வகுபட வேண்டுமாம். அம்மாவின் பழைய நோட்டுகளை வைத்து நானும் தம்பியும் கடை விளையாட்டு விளையாடினோம். அக்கா கல்யாணம் நடந்தது அம்மா காதில் கிடந்த தோட்டினாலும் கையில் கிடந்த இரண்டு வளையலினாலும்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காகிதத்தை யாரும் நம்புவதில்லை.

கணக்குப்பிள்ளை:
அக்கா, அம்மாவின் கதைக்கு மறுபேச்சு கிடையாது. ஆனால் கணக்கு வேறு.

தங்கம் நான்கு மடங்கு ஏறியது என்று எல்லோரும் சொல்கிறோம். உலகச் சந்தையில் அந்த மூன்றரை வருடத்தில் அது ஏறியது நூற்றுக்கு முப்பது போலத்தான். மீதியெல்லாம் நம் கியாட் இறங்கியது. 2021 தொடக்கத்தில் ஒரு டாலர் 1,330 சொச்சம், 2024இல் வெளியே 4,000க்கு மேல். அரசாங்க விலை 2,100 என்று பலகையில் இருக்கும், அந்த விலைக்கு நமக்கு யார் தருகிறார்கள்? ஆகத் தங்கம் உங்களைப் பணக்காரர் ஆக்கவில்லை, ஏழையாகாமல் பிடித்து வைத்தது. இரண்டும் ஒன்றில்லை.

இறங்கவும் செய்யும். 2024 ஆகஸ்டில் டாலர் 6,000க்கு மேல் ஓடியது, தங்கமும் கூடவே ஓடியது. என் சித்தப்பா மகன் பதறிப்போய் அந்த வாரம் நகை வாங்கினான். அடுத்த சில வாரத்தில் டாலர் 4,000 சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. அக்டோபரில் மனைவியின் பிரசவத்துக்கு விற்றான். விலை வித்தியாசம் ஒரு பக்கம், கூலி, சேதாரம் இன்னொரு பக்கம், நூற்றுக்கு இருபதுக்கு மேல் போய்விட்டது.

தம்பிக்கு ஒரு கேள்வி. மகளுக்கு நடுராத்திரியில் காய்ச்சல் ஏறினால் ஆஸ்பத்திரிக் கவுண்டரில் வளையலைக் கழற்றி வைப்பாயா? பேங்கில் போடு, போனில் வைத்திரு, அந்த நிமிடமே கட்டலாம்.

டீக்கடை:
பேங்க் என்றாலே எனக்கு ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021தான் ஞாபகம் வருகிறது. விடியற்காலை நாலு மணிக்குப் போய் வரிசையில் செருப்பை வைத்துவிட்டு நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்தபோது டோக்கன் தீர்ந்துவிட்டது. மூன்று நாள் இதே கதை.

மோல்மீன் அக்கா:
அதைத்தான் நானும் கேட்க வந்தேன். கணக்குப்பிள்ளை ஐயா, அந்த வருடம் மார்ச்சில் தனி ஆளுக்கு வாரம் 20 லட்சம்தான் எடுக்கலாம் என்று மத்திய வங்கி வரம்பு போட்டதே. அந்த 20 லட்சமும் யார் கைக்கு வந்தது? மெஷினில் பணம் இருக்காது, இருந்தால் கரண்ட் இருக்காது. என் கொழுந்தன் கணக்கில் இருந்த பணத்தைக் கைக்காசாக மாற்ற ஒரு புரோக்கருக்கு நூற்றுக்குப் பத்து கொடுத்தான். தன் பணத்தைத் தானே எடுக்கப் பத்து விழுக்காடு! நகைக்கடைக்காரர் கூட அவ்வளவு பிடிக்கமாட்டார்.

கணக்குப்பிள்ளை:
சரி, அந்த வருடம் நடந்ததை நான் மறைக்கவில்லை. 2003 பிப்ரவரியிலும் நடந்தது. அதிக வட்டி தருகிறோம் என்று காசு வாங்கிய கம்பெனிகள் விழுந்தன, பீதி தனியார் பேங்குகளுக்குத் தாவியது, வாரம் ஒரு லட்சம் வரைதான் எடுக்க விட்டார்கள். ஆனால் முழுக்கதையைச் சொல்லுங்கள். 2021 நடுவில் பேங்குகள் தனிக் கணக்கு என்று ஒன்றைத் திறந்தன. புதிதாகக் கைக்காசு கட்டினால் வரம்பு இல்லாமல் எடுக்கலாம். மாட்டிக்கொண்டது பழைய கணக்கில் இருந்த பணம்.

எல்லாவற்றையும் பேங்கில் போடு என்றும் நான் சொல்லவில்லை. இரண்டு மாதச் செலவுக்கான பணம் மட்டும்.

டீக்கடை:
முதலில் அப்படிச் சொல்லவில்லையே நீங்கள் 😄

கணக்குப்பிள்ளை:
இப்போது சொல்கிறேன்.

தன்லின் சீட்டம்மா:
பேங்க், தங்கம் என்று இரண்டு பேரும் மல்லுக்கட்டுகிறீர்கள். சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பன்னிரண்டு வருடமாகச் சீட்டு நடத்துகிறேன். இருபது பேர், மாதம் ஒரு லட்சம், இருபது மாதம். குலுக்கல்தான், ஏலம் கிடையாது. முதல் சீட்டு எனக்கு, அது என் உழைப்புக்கு. தமிழர், பர்மாக்காரர், ஒரு சீனத்து அம்மா எல்லோரும் இருக்கிறார்கள். தம்பி மாதிரி ஆட்களுக்கு இதுதான் சரி. அரிசி டப்பாவில் இருக்கிற காசை எடுத்துச் செலவு செய்ய யாரும் தடுக்கமாட்டார்கள். சீட்டுக்குக் கட்டாவிட்டால் மறுநாள் காலை நான் வாசலில் நிற்பேன்.

கணக்குப்பிள்ளை:
அம்மா, இருபதாவது ஆளுக்கு வருவது என்ன? அதே 20 லட்சம். ஆனால் அது ஒன்றரை வருடம் கழித்து வருகிற 20 லட்சம். அதற்குள் அரிசி மூட்டை என்ன விலைக்குப் போயிருக்கும்? கியாட் இறங்குகிற ஊரில் குலுக்கல் சீட்டு என்பது கடைசியில் எடுப்பவர் முதலில் எடுத்தவருக்கு வட்டியில்லாக் கடன் கொடுப்பது.

தன்லின் சீட்டம்மா:
ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? முன்னால் சீட்டு விழுந்தவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? நேராக நகைக்கடைக்குப் போகிறார்கள். தங்கத்தை இன்றைய விலைக்கு வாங்கிவிட்டு, மீதித் தவணையை இளைத்துப்போன கியாட்டில் கட்டுகிறார்கள். என் சீட்டில் ஒரு பெண் இப்படி மூன்று தடவை செய்து தங்கம் சேர்த்துவிட்டாள். எந்த பேங்க் இவளுக்கு வட்டியில்லாமல் கடன் தரும்?

மோல்மீன் அக்கா:
பார்த்தீர்களா, கடைசியில் எல்லாரும் தங்கத்துக்குத்தான் வருகிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
அந்தப் பெண் ஜெயித்தாள் என்றால் அதே சீட்டில் வேறொருத்தி தோற்றிருக்கிறாள். அவள் பெயரை யாரும் சொல்வதில்லை. கொரோனா வருடத்தில் சீட்டை எடுத்துவிட்டு ஊரை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர்? அந்தத் தவணையை யார் கட்டினார்கள்?

தன்லின் சீட்டம்மா:
நான் கட்டினேன். இரண்டு பேர் தவணையை, என் வளையலை அடகு வைத்து. கேட்டதற்குச் சொல்லிவிட்டேன். எல்லோரும் அப்படிக் கட்டமாட்டார்கள் என்பதும் உண்மைதான்.

ஆற்றங்கரைத்தம்பி:
டாலராக வாங்கி வைத்தால் என்ன? கடையில் கூட வேலை பார்ப்பவன் அப்படித்தான் செய்கிறான்.

டீக்கடை:
மடிப்பு விழாமல் வைத்திருப்பாயா? ஒரு மூலை கிழிந்தால், ஒரு மை புள்ளி இருந்தால் இங்கே விலையைக் குறைப்பான். என்னிடம் ஒரு நூறு டாலர் நோட்டு இருக்கிறது, நடுவில் மடித்த கோடு, நாலு பேர் திருப்பித் தந்துவிட்டார்கள். இப்போது நிகண்டு புத்தகத்துக்குள் வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
அதோடு சட்டம். 2022 ஏப்ரலில் கணக்கில் வருகிற வெளிநாட்டுப் பணத்தை ஒரு வேலைநாளுக்குள் கியாட்டாக மாற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. வெளியே வாங்கி வீட்டில் வைத்தால் அது வேறு வம்பு. பிள்ளை பெற்றவன் அதில் இறங்காதே.

தட்டோன் தாத்தா:
எனக்கு எழுபது தாண்டிவிட்டது. பேரன் டைப் செய்கிறான், பிழை இருந்தால் அவனைத் திட்டுங்கள்.

1964இல் எனக்குப் பன்னிரண்டு வயது. கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது மார்ச்சில். மே மாதம் 50, 100 நோட்டு செல்லாது என்றார்கள். 1985இல் மறுபடியும், அப்போது மாற்றிக்கொள்ளக் கொஞ்சம் வழி விட்டார்கள். 1987ஐப் பற்றி மோல்மீன் பெண் சொல்லிவிட்டது. ஆகக் காகிதம் மூன்று தடவை எங்களைக் கைவிட்டது, சரிதான்.

ஆனால் தங்கம் கைவிட்டதே இல்லை என்று பேசுகிறீர்களே, அதற்குத்தான் வந்தேன். அந்த 1964இல் என் பெரியம்மா குடும்பம் மெட்ராஸுக்குக் கப்பல் ஏறியது. பெரியம்மா கழுத்திலும் கையிலும் கிடந்ததையெல்லாம் துறைமுகத்தில் கழற்றச் சொன்னார்கள். மேசையில் ஒரு வெள்ளைத் துணி விரித்திருந்தது, அதன் மேல் ஒவ்வொன்றாக வைத்தார். மூக்குத்தி திருகு கழலவில்லை. பக்கத்தில் இருந்த ஒருத்தர் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். நான் வழியனுப்பப் போயிருந்தேன், அந்த எண்ணெய்க் கிண்ணம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பெரியம்மா பிறகு மெட்ராஸில் தெருவோரம் அத்தோ நூடுல்ஸ் விற்றுத்தான் பிள்ளைகளை வளர்த்தார்.

நிலம் வாங்கு என்று அடுத்து யாராவது வருவீர்கள். 1930களின் மந்தத்தில் கடனுக்கு ஈடாக வந்து வந்து, 1938 வாக்கில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கிகளில் பெட்டி பெட்டியாகப் பத்திரம். சுதந்திரத்துக்குப் பிறகு நிலம் தேசியவுடைமை, பத்திரம் வெறும் தாள்.

தம்பி, என்னிடம் யோசனை கேட்டால், எதை வாங்குவது என்று கேட்காதே. எந்த நாளில் எதற்காக எடுக்கப்போகிறாய் என்று முதலில் சொல். நாளைக்கு வேண்டிய காசு வேறு, மகள் பெரியவளானபின் வேண்டிய காசு வேறு. 18 லட்சத்தையும் ஒரே பையில் போட்டு வைத்ததுதான் உன் சண்டைக்குக் காரணம்.

மோல்மீன் அக்கா:
தாத்தா, பெரியம்மா நாட்டை விட்டுப் போனார், அதனால் பறிகொடுத்தார். இங்கேயே இருப்பவர்களுக்குத் தங்கம்தான்.

தட்டோன் தாத்தா:
போகமாட்டோம் என்றுதான் அவரும் சொல்லிக்கொண்டிருந்தார், அம்மா.

மோல்மீன் அக்கா:
இதற்கு நான் என்ன பதில் சொல்வது. சரி, தம்பி, வாங்குவதென்றால் எப்படி வாங்குவது என்றாவது சொல்லிவிடுகிறேன். ஒரு கியாட்தா என்பது 16 பெ, ஏறக்குறைய நம் இரண்டு பவுன், 16.3 கிராம். 16 பெ தரம் என்றால் சுத்தத் தங்கம். 15 பெ தரம் என்றால் கொஞ்சம் கலப்பு. கடைக்காரர் “எத்தனை பெ?” என்று கேட்டால் எடையைக் கேட்கிறாரா தரத்தைக் கேட்கிறாரா என்று தெளிவாக்கிக்கொள். நிறைய பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

கல் வைத்ததைத் தொடாதே. வாங்கும்போது கல்லையும் சேர்த்து நிறுப்பார்கள், விற்கும்போது கழித்து நிறுப்பார்கள். வேலைப்பாடு உள்ள சங்கிலி வேண்டாம், ஒவ்வொரு கண்ணிக்கும் கூலி, சேதாரம். ஒரு பெ, இரண்டு பெ என்று வெறும் துண்டாக வாங்கு. வீட்டுக்காரிக்கு ஆசையாக இருந்தால் ஒரு மெல்லிய மோதிரம் எடுத்துக் கொடு, அதைச் சேமிப்புக் கணக்கில் எழுதாதே. ரசீது பத்திரம். வாங்கிய கடையிலேயே விற்றால் கழிவு குறைவு.

கணக்குப்பிள்ளை:
இந்தப் பதிவில் ஒரு வரியைக் கூட நான் மறுக்கமாட்டேன். குறித்துக்கொள்ளுங்கள், இது அடிக்கடி நடக்காது.

ஆற்றங்கரைத்தம்பி:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். தாத்தா சொன்னபடி இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம். வாடகை முன்பணம் மூன்று மாதத்தில் வருகிறது, ஆஸ்பத்திரி எப்போது வரும் என்று தெரியாது. அதற்கு 7 லட்சம். நாலு லட்சம் பேங்கில், மூன்று லட்சம் கையில். மீதி 11 லட்சத்துக்குச் சுத்தத் தங்கம், வெறும் துண்டு. ஒன்றரை லட்சம் மிஞ்சுகிற மாதங்களைச் சேர்த்து வைத்தால் சில மாதத்துக்கு ஒரு பெ தேறும் போலிருக்கிறது. சீட்டில் சேரவில்லை. மாமியார் முகத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்.

தன்லின் சீட்டம்மா:
மாமியாரிடம் சொல், அடுத்த சீட்டு தையில் தொடங்குகிறது. உன் பெயரையும் குலுக்கலில் போடுகிறேன்.

கணக்குப்பிள்ளை:
கையில் இருக்கும் மூன்று லட்சமும் தங்க ரசீதும் எங்கே?

ஆற்றங்கரைத்தம்பி:
அரிசி டப்பாவில்.

கணக்குப்பிள்ளை:
ரசீதைப் போட்டோ எடுத்து உன் வீட்டுக்காரி போனுக்கும் அனுப்பு. அந்த மை ஈரம் பட்டால் ஒரு மழைக்காலம் தாங்காது.