புதுப்பிப்பு: அக்கா முடிவெடுத்துவிட்டாள்

அக்காவுக்கு இடது மார்பில் புற்றுநோய், பி.ஆர்.சி.ஏ.1 மரபணுத் திரிபும் (மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும், பரம்பரையாக வரும் மாற்றம்) உண்டு, இரண்டு மார்பகங்களையும் எடுக்கத்தான் வேண்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன்.

இரண்டையும் எடுக்கிறார்கள். கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு கொடுப்பதும் சரியான வழியே என்றுதான் மருத்துவர் சொன்னார். வலது மார்பை எடுத்தால் அங்கே புதிதாகப் புற்று வரும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல் குறையும். ஆனால் இடப்பக்கத்துப் புற்று பரவுவதை அது தடுக்காது. இந்த வேறுபாடே எனக்கு அன்றுதான் உறைத்தது. அக்காவோ, “வருடா வருடம் ஸ்கேன் எடுத்துவிட்டு நடுங்க என்னால் ஆகாது” என்று முடித்துவிட்டாள்.

நான் எதிர்பாராதது சினைப்பை. இந்தத் திரிபு உள்ளவர்கள் குழந்தைப்பேறு முடிந்ததும், 35 முதல் 40 வயதுக்குள், சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றுவது நல்லதாம். அவளுக்கு 38. கீமோ முடிந்தபின் அது.

எனக்கும் அந்தத் திரிபு இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நேற்று அந்தப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன்.