பதின்வயதினர் தலைவலி: அழுத்தமா, அதைச் சமாளிக்கும் விதமா?

கேள்வி:
14–16 வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மூன்று முறை தலைவலி. கண் சரி, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். கவுன்சிலிங்கை எங்கே தொடங்குவது? வாழ்க்கைத் திருப்தியை அளப்பதால் பயனுண்டா?

பதில் 1:
எவ்வளவு சுமை என்பதைவிட, சுமை வந்ததும் பிள்ளை என்ன செய்கிறது என்று பாருங்கள். தள்ளிப்போடுவது, யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள் புழுங்குவது, 'இது போகவே போகாது' என்று வலியைப் பெரிதாக்கிக்கொள்வது: இவை இருந்தால் தூக்கம் கெடும், கழுத்தும் தாடையும் இறுகும், வலியும் நீளும். 4 வாரம் டைரி எழுதச் சொல்லுங்கள். வலி தொடங்கிய நேரம், 0–10 அளவு, தூங்கிய மணி (இந்த வயதுக்கு 8–10 வேண்டும்), தவறிய சாப்பாடு, போட்ட மாத்திரை. முந்தைய நாள் நடந்ததும் வேண்டும். பரீட்சை முடிந்து மனம் தளர்ந்த மறுநாள்தான் பலருக்கு மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி) வரும். அன்றைய பக்கத்தை மட்டும் பார்த்தால் காரணம் பிடிபடாது.

பதில் 2:
அளக்கலாம். உளவியலாளர் ஹியூப்னர் 1991இல் வெளியிட்ட, மாணவர்களின் வாழ்க்கைத் திருப்திக்கான 7 கேள்வி அளவுகோல் போதும். ஆனால் மொத்த மதிப்பெண்ணோடு நிற்காதீர்கள். குடும்பம், நண்பர்கள், பள்ளி, தன்னைப் பற்றிய எண்ணம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். பள்ளி மட்டும் சரிந்திருந்தால் கேலியோ, வாசிப்பதில் சிரமமோ இருக்கலாம். அதை மூச்சுப்பயிற்சி தீர்க்காது. இன்னொன்று, அடிக்கடி வரும் வலியே திருப்தியைக் குறைக்கும். 'நீ சந்தோஷமா இல்லை, அதான் வலிக்குது' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வலியை நம்பவில்லை என்றுதான் பிள்ளைக்குக் கேட்கும்.

பதில் 3:
பயிற்சியைப் பொறுத்தவரை, தசைகளை 5 விநாடி இறுக்கி 15 விநாடி தளர்த்துவது, தோளிலிருந்து நெற்றிவரை, தினமும் 10 நிமிடம். வலி வந்தபின் மட்டும் செய்வதால்தான் பலருக்குப் பலிப்பதில்லை. 10–17 வயதினர் 135 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், நாள்பட்ட மைக்ரேனுக்கு அமிட்ரிப்டிலின் என்ற மருந்தோடு அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் பேச்சு சிகிச்சை) பெற்றவர்களுக்கு, 28 நாளுக்கு எத்தனை என்று எண்ணிய வலி நாட்கள் சராசரியாக 11.5 குறைந்தன, அதே மருந்தோடு தலைவலி பற்றிய விளக்கம் மட்டும் பெற்றவர்களுக்கு 6.8.

சாதாரண வலி மாத்திரையே மாதம் 15 நாள் அல்லது அதற்கு மேல், மூன்று மாதத்தைத் தாண்டிப் போனால், மாத்திரையே தலைவலியைத் தரும். 16 வயதுக்குக் கீழ் ஆஸ்பிரின் வேண்டாம். அதிகாலையில் வலியோடு விழித்து வாந்தி, தள்ளாட்டம், பார்வை மாற்றம், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி என்றால் டைரியை மூடிவிட்டு உடனே மருத்துவமனை.