பீரில் வேகவைத்த சாசேஜ் வெடிக்கிறது, கசக்கிறது. எங்கே தப்பு?

அடுப்புக்குப்புதுசு:
வணக்கம் நண்பர்களே. வருகிற சனிக்கிழமை பதினைந்து பேர் வீட்டுக்கு வருகிறார்கள். பீரில் வேகவைத்துக் கரியில் சுட்ட சாசேஜ் போடுகிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். நேற்று ஒத்திகை பார்த்தேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

செய்தது இதுதான். வேகாத பன்றி இறைச்சி சாசேஜ் எட்டு, நறுக்கிய வெங்காயம் ஒன்று, பீர் மூன்று பாட்டில். பெரிய தீயில் இருபது நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, எடுத்த கையோடு கொழுந்துவிட்டு எரிந்த கரியின் மேல் அடுக்கினேன். பானையிலேயே மூன்று வெடித்துவிட்டன. மற்றவற்றில் கொழுப்பு சொட்டித் தீ குபுக்கென்று எழுந்து, ஒரு பக்கம் கரி, மறுபக்கம் வெளிறல். கடித்தால் சக்கை. போதாக்குறைக்கு வாயெல்லாம் கசப்பு. கருகியதால் கசப்பா, பீரால் கசப்பா? வெடிக்காமல் இருக்க முட்கரண்டியால் முன்கூட்டியே குத்திவிடலாமா?

கரித்துண்டு:
குத்தாதீர்கள்! குத்தினால் வெடிக்காது, உண்மைதான். ஆனால் நீங்கள் காப்பாற்ற நினைத்த சாறும் கொழுப்பும் அந்த ஓட்டை வழியாகவே போய்விடும். திருப்புவதற்குக்கூட முட்கரண்டி வேண்டாம், இடுக்கி போதும்.

ஒரு கேள்வி: வேகவைத்து முடித்தபோது பானையில் எண்ணெய் மிதந்ததா?

அடுப்புக்குப்புதுசு:
மிதந்தது. மேலே ஒரு படலமாகவே நின்றது.

கரித்துண்டு:
அப்படியானால் உங்கள் சாசேஜ் கரிக்குப் போகும் முன்பே முடிந்துவிட்டது. தோல் இயற்கையான குடலாக இருந்தால் சூட்டில் அது சுருங்கும். அதே நேரம் உள்ளே இருக்கும் இறைச்சி விரியும், நீர் ஆவியாகப் பார்க்கும். வெளியே இறுக்கம், உள்ளே அழுத்தம். எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே கிழியும். கிழியாதவற்றிலும் இறைச்சிப் புரதம் இறுகித் தண்ணீரைப் பிழிந்து தள்ளிவிடும். நீங்கள் சொன்ன சக்கை அதுதான்.

ஆகவே கொதிக்க விடவே கூடாது. சாசேஜை ஆறிய பீரிலேயே போட்டு, மெல்லச் சூடேற்றுங்கள். பானையின் ஓரத்தில் சின்னக் குமிழி எட்டிப் பார்த்ததும் சிம்முக்குக் குறைத்துவிடுங்கள். திரவம் 75 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் போதும். பருமனைப் பொறுத்துப் பதினைந்து, இருபது நிமிடம் ஆகும். ஆனால் கடிகாரத்தை நம்பாமல் உணவுக்கான தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். அதை நுனி வழியாக நீளவாக்கில் செருகினால் நடுப்பகுதிச் சூடு தெரியும். பன்றி, மாட்டிறைச்சி சாசேஜுக்கு 71 டிகிரி, கோழி என்றால் 74. அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்லும் கணக்கு இது. நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நைட்ரைட் என்ற பதப்படுத்தும் உப்பு சேர்த்த சாசேஜ் நன்றாக வெந்த பிறகும் இளஞ்சிவப்பாகவே இருக்கும்.

நுரைதள்ளி:
கசப்பு பற்றி யாரும் பேசவில்லையே. எந்த வகை பீர் ஊற்றினீர்கள்?

அடுப்புக்குப்புதுசு:
ஐபிஏ. நல்லதாக இருக்கட்டும் என்று விலை கூடியதாகப் பார்த்து எடுத்தேன்.

நுரைதள்ளி:
அதுதான் ஆள். ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல் வகை பீர் என்றாலே, கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூ தூக்கலாக இருக்கும். கொதிக்கும்போது தண்ணீரும் மணமும் ஆவியாகப் போகும், ஹாப்ஸின் கசப்பு போகாது. மூன்று பாட்டில் ஒரு பாட்டிலாக வற்றினால் மூன்று பாட்டில் கசப்பும் அந்த ஒன்றில் உட்கார்ந்திருக்கும். வெங்காயம் அதை உறிஞ்சிக்கொள்ளும். கருகல் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம், ஆனால் முக்கியக் குற்றவாளி பீர்தான்.

கசப்புக் குறைந்த லாகர், கோதுமை பீர், பழுப்பு ஏல் இவற்றில் ஏதாவது ஒன்றை எடுங்கள். எட்டு சாசேஜுக்கு இரண்டு பாட்டில் போதும், மூழ்காவிட்டால் தண்ணீர் சேர்க்கலாம். முதலில் வெங்காயத்தை வெண்ணெயில் நன்றாக வதக்குங்கள். இனிப்பு இறங்கும், மிச்சக் கசப்பை அது சமன்படுத்தும். பீரைச் சூடான பானையில் சடாரென்று ஊற்றாதீர்கள், நுரை பொங்கி அடுப்பு முழுக்க வழியும். என் பெயருக்குக் காரணமே அந்தச் சம்பவம்தான்.

கரித்துண்டு:
கரிப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கரியை முழுக்கப் பரப்பாமல் ஒரு பக்கமாகக் குவியுங்கள், மறுபக்கம் காலி. தணல் மேல் வெண்சாம்பல் பூத்த பிறகுதான் சாசேஜ் ஏற வேண்டும். கொழுந்து எரியும்போது வைத்தால் கருகத்தான் செய்யும். பானையிலேயே 71 வந்துவிட்டதால் கரியில் உங்களுக்கு நிறம் மட்டும்தான் வேலை, நான்கைந்து நிமிடம். தீ எழும்பினால் காலிப் பக்கத்துக்கு நகர்த்துங்கள். தண்ணீர் தெளித்தால் சாம்பல் பறந்து சாசேஜில் ஒட்டும்.

வெளிறிப்போனதற்குக் காரணம் ஈரம். தோலில் நீர் இருக்கும்வரை சூடு அதை ஆவியாக்குவதிலேயே செலவாகும், சிவக்காது. பானையிலிருந்து எடுத்ததும் காகிதத் துண்டால் ஒற்றி, இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள்.

தலைகீழ்:
எல்லோரும் ஒரே திசையில் போகிறீர்களே. இந்தச் சாசேஜுக்குப் பெயர்போன அமெரிக்க மாநிலமான விஸ்கான்சினிலேயே இதில் இரண்டு கட்சி உண்டு. முதலில் பீர், பிறகு கரி என்பது ஒன்று. முதலில் கரி, பிறகு பீர் என்பது இன்னொன்று. நான் இரண்டாவது. பச்சைச் சாசேஜைக் காலிப் பக்கத்தில் மூடிபோட்டு மெதுவாகச் சுட்டு, கடைசியில் தணலில் நிறம் ஏற்றி, சூடான பீர், வெண்ணெய், வெங்காயக் கலவையில் போட்டு வைப்பேன். புகை மணம் அருமையாக ஏறும். தாமதமாக வருகிறவருக்கும் சூடாகக் கிடைக்கும்.

கரித்துண்டு:
சுவையில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் முதல் முறை சுடுகிறவர் முப்பது பச்சைச் சாசேஜைக் கரியில் மேய்ப்பது கஷ்டம். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது.

தலைகீழ்:
அது சரி. அவர் முதலில் பானையில் வேகவைக்கட்டும், சுட்டு முடித்ததும் என் கலவையில் போட்டு வைக்கட்டும். 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அடுப்புக்குப்புதுசு:
மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். காலையிலேயே பாதி வேகவைத்து, மாலையில் சுட்டு முடிக்கலாமா? குழந்தைகளும் மது தொடாதவர்களும் வருகிறார்கள், கொதித்தால் ஆல்கஹால் போய்விடும்தானே?

உப்புக்கல்:
பாதி வேக்காடு வேண்டாம். வெதுவெதுப்பில் நிற்கும் அரைவேக்காட்டு இறைச்சியில்தான் பாக்டீரியா ஜோராகப் பெருகும். முழுக்க வேகவைத்து, சீக்கிரம் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், மாலையில் கரியில் நன்றாகச் சூடேற்றிக்கொள்ளலாம். சுட்டதை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். பச்சைச் சாசேஜ் தொட்ட தட்டும் இடுக்கியும் சுட்டதன் பக்கம் வரவே கூடாது.

ஆல்கஹால் முழுக்கப் போகாது. அரைமணி நேரம் சிம்மில் கிடந்த குழம்பிலும் மூன்றில் ஒரு பங்கு தங்கும் என்பது சமையல் ஆய்வுகளில் வந்த கணக்கு. தொடாதவர்களுக்கு ஆப்பிள் சாறு கலந்த சூப்புத் தண்ணீரில் தனிப் பானை போடுங்கள், இடுக்கியும் தனி. ஆல்கஹால் இல்லாத பீர் என்று விற்பதிலும் சிலவற்றில் 0.5 சதவீதம் வரை இருக்கும். அதனால் எதுவானாலும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், மறைத்துப் பரிமாறுவது நியாயமில்லை.

அடுப்புக்குப்புதுசு:
இன்று நான்கு சாசேஜ் வைத்து மறுபடி பார்த்தேன். லாகர், சிம், தெர்மாமீட்டர். பதினெட்டாவது நிமிடத்தில் 71. ஒன்றும் வெடிக்கவில்லை, தண்ணீரில் எண்ணெய் அநேகமாக இல்லை. ஒற்றி எடுத்து, சாம்பல் பூத்த தணலில் ஐந்து நிமிடம். சுற்றிலும் ஒரே பொன்னிறம், கடித்தால் சாறு இறங்குகிறது. வெங்காயத்தை வழித்துச் சாப்பிட்டேன். ஒன்றின் தோல் மட்டும் கம்பியில் ஒட்டிக் கிழிந்தது.

கரித்துண்டு:
கம்பி சூடேறும் முன்பே வைத்திருப்பீர்கள். ஐந்து நிமிடம் காயவிட்டுத் தேய்த்து, எண்ணெய் தொட்ட துணியை இடுக்கியில் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள்.