மறு: கலைச்சொல் – ‘உறுதி’ ஒன்று போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துச் சொற்பட்டியலில் பெரும்பாலான பரிந்துரைகள் எனக்கு உடன்பாடே. களத்தில் சொன்ன தீர்ப்பைப் படம் பார்த்துச் சரிபார்க்கும் ‘ரீப்ளே’க்கு ‘மறுஒளிபரப்பு’ என்பதைவிட ‘மீள்காட்சி’ நன்று. மறுஒளிபரப்பு என்றால் நேற்றிரவு வந்த நிகழ்ச்சியை இன்று மதியம் போடுவது. மேலே அறையில் அமர்ந்து திரையைப் பார்ப்பவர் மீள்காட்சி நடுவர். மைதானத்தில் இருப்பவர் சொன்னது களத் தீர்ப்பு. இவற்றை அப்படியே ஏற்கலாம். என் மறுப்பு இந்த வரிக்குத்தான்:

> தீர்ப்பு மாறாவிட்டால் ‘உறுதி’, மாறினால் ‘ரத்து’. இரண்டு சொல் போதும்.

போதாது. 2004இல் பிக் டென் என்ற கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு மீள்காட்சியைச் சோதித்துப் பார்த்தது. அடுத்த ஆண்டே மற்றக் கூட்டமைப்புகளுக்கும் அது பரவியது. பின்னர் நெடுங்காலம் நடுவர்கள் மூன்று விதமாக அறிவித்து வந்தார்கள். களத் தீர்ப்பு சரி என்று படம் காட்டினால் ‘கன்ஃபர்ம்ட்’. தவறு என்று ஐயத்துக்கு இடமின்றிக் காட்டினால் ‘ஓவர்டர்ன்ட்’. படம் இரண்டில் எதையும் காட்டாவிட்டால் ‘ஸ்டாண்ட்ஸ்’. மூன்றாவதில் மீள்காட்சி நடுவர் தீர்ப்பு சரி என்று சொல்லவில்லை; தவறு என்று காட்டப் போதிய சான்று கிடைக்கவில்லை என்றுதான் சொல்கிறார். அதையும் ‘உறுதி’ என்று எழுதினால், அவர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் திணிக்கிறோம்.

ரசிகர்களின் சண்டையெல்லாம் இந்த இடத்தில்தான் மூளுகிறது. 2016 நவம்பர் 26, கொலம்பஸ் நகரில் ஒஹாயோ ஸ்டேட் – மிச்சிகன் ஆட்டம். இரண்டாவது கூடுதல் ஆட்டப் பகுதியில் மிச்சிகன் 27–24 என முன்னிலை. ஒஹாயோ ஸ்டேட்டுக்கு நான்காவது, அதாவது கடைசி முயற்சி; பந்தைத் தொடர்ந்து வைத்திருக்க இன்னும் ஒரு கெஜம் முன்னேற வேண்டும். அந்த அணியின் ஜே. டி. பாரெட் பந்தோடு பாய்ந்தார்; தன் அணி வீரர்மீதே மோதி நின்றார். தேவையான கோட்டைத் தொட்டுவிட்டார் என்பது களத் தீர்ப்பு. மீள்காட்சியில் உடல்கள் குவிந்து கிடந்தன. பந்து எங்கே நின்றது என்பதை எந்தக் கோணமும் தெளிவாகக் காட்டவில்லை. ஆகவே ‘ஸ்டாண்ட்ஸ்’. அடுத்த ஓட்டத்திலேயே ஒஹாயோ ஸ்டேட்டின் கர்டிஸ் சாமுவேல் டச்டவுன் எடுத்தார், அதாவது பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்த்து ஆறு புள்ளிகள் பெற்றார்; ஒஹாயோ ஸ்டேட் 30–27 என வென்றது. மிச்சிகன் ரசிகர்கள் இன்றும் அந்த ஒரு கெஜத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அவர்களிடம் போய் ‘தீர்ப்பு உறுதியானது’ என்று சொல்வது நியாயமே அல்ல. களத்தில் வேறு விதமாகத் தீர்ப்பளித்திருந்தால், அதே படத்தை வைத்து அந்தத் தீர்ப்பும் மாறாமல் இருந்திருக்கலாம்.

எனவே என் முன்மொழிவு: ‘கன்ஃபர்ம்ட்’ என்பதற்கு ‘மெய்ப்பட்டது’. ‘ஸ்டாண்ட்ஸ்’ என்பதற்கு ‘களத் தீர்ப்பே நிலைக்கும்’. ‘நிற்கிறது’ என்று முதலில் யோசித்தேன். ஆனால் தமிழில் ‘வழக்கு நிற்கிறது’ என்றால் முடியாமல் கிடப்பது என்றும் பொருள்படும்; அது வேண்டாம். ‘தீர்ப்பே’ என்பதில் உள்ள ஏகாரம் முக்கியம். வேறொன்றும் தெரியாததால் முன்பு சொன்னதே இருக்கட்டும் என்ற குரல் அதில் இருக்கிறது.

‘ரத்து’ம் பொருந்தாது. ரத்து செய்தால் ஒன்றுமில்லாமல் போகும். இங்கே ஒரு தீர்ப்பு போய் இன்னொன்று வருகிறது. பந்தின் இடம், எத்தனையாவது முயற்சி, தேவைப்பட்டால் கடிகாரம் எல்லாம் புதிதாகக் குறிக்கப்படும். 2019 டிசம்பரில் ஃபியஸ்டா பவுல் என்ற பருவ முடிவு ஆட்டத்தில் கிளெம்சன் வீரர் பிடித்த பந்து நழுவியது, அதை எடுத்து ஓடி ஒஹாயோ ஸ்டேட் டச்டவுன் எடுத்தது என்பது களத் தீர்ப்பு. மீள்காட்சிக்குப் பின் அது வெறும் பிடிபடாத பந்தாக மாறியது. ஆறு புள்ளிகள் போயின. கிளெம்சன் 29–23 என வென்றது. இதை ‘திருத்தப்பட்டது’ என்றே எழுத வேண்டும். திருத்தியது சரியா என்பது வேறு வழக்கு. அங்கே இருந்த சான்று ஐயமற்றதா என்று கேட்பவர்கள் பக்கம்தான் நானும்.

> பயிற்சியாளர் கேட்பதால்தானே மறுபரிசீலனை? முழு முறைக்குமே ‘மேல்முறையீடு’ என்று பெயரிடலாம்.

தொழில்முறை லீக்கை மனத்தில் வைத்து இந்த வரியை ஐயா எழுதியிருக்கிறார் என நினைக்கிறேன். கல்லூரி ஆட்டத்தில் பெரும்பாலும் மீள்காட்சி நடுவர் தாமாகவே ஆட்டத்தை நிறுத்துகிறார். பயிற்சியாளர் கேட்கலாம், ஆனால் அணியின் கையில் ஓர் இடைநிறுத்தம் (டைம்அவுட்) மிச்சமிருக்க வேண்டும். தோற்றால் அது போய்விடும். அந்தச் செயலுக்கு மட்டும் ‘ஆட்சேபம்’ போதும். மொத்த முறைக்கு ‘மீள்காட்சி ஆய்வு’.

இப்போது 2025 மாற்றம். அந்தப் பருவம் முதல் நடுவர் ‘கன்ஃபர்ம்ட்’, ‘ஸ்டாண்ட்ஸ்’ இரண்டையும் விட்டுவிட்டு, ‘அப்ஹெல்ட்’ (தீர்ப்பு மாறவில்லை) அல்லது ‘ஓவர்டர்ன்ட்’ என்று மட்டுமே அறிவிக்கிறார். ‘ஆக, இரண்டு சொல் போதும் என்றாகிவிட்டதே’ என்று யாராவது சொல்லக்கூடும். அறிவிப்பு சுருங்கியது, அதன் பின்னால் உள்ள அளவுகோல் சுருங்கவில்லை. ‘அப்ஹெல்ட்’ என்ற இந்தப் பொதுச் சொல்லுக்கு நம் நீதிமன்றச் செய்திகளில் பழகிய ‘செல்லும்’ என்ற சொல் இருக்கிறது. ‘களத் தீர்ப்பு செல்லும்’ என்றால் அது நடைமுறைக்கு வரும் என்பதுதான் பொருள்; உண்மை என்று அது சாதிக்கவில்லை.

மூன்று சொற்களையும் ஏன் பிடிவாதமாகக் கேட்கிறேன் என்பதற்கு ‘டார்கெட்டிங்’ விதி நல்ல சான்று. தலைக்கவச உச்சியால் மோதுவது, தற்காத்துக்கொள்ள முடியாத வீரரின் தலையிலோ கழுத்திலோ வலிந்து தாக்குவது ஆகியவை அதில் அடங்கும், செய்தவர் வெளியேற்றப்படுவார். 2019இல் இந்தக் குற்றத்துக்கு மட்டும் நடுவழியை, அதாவது ‘ஸ்டாண்ட்ஸ்’ என்ற முடிவை, எடுத்துவிட்டார்கள். படம் குற்றத்தை மெய்ப்பித்தாக வேண்டும், இல்லையென்றால் வீரர் ஆட்டத்தில் தொடர்வார். ஓர் இளைஞனை வெளியே அனுப்பக் களத் தீர்ப்பு மட்டும் போதாது என்ற நல்ல முடிவு அது. ‘மெய்ப்பட்டது’, ‘நிலைக்கும்’ என்ற இரண்டும் நம்மிடம் தனித்தனியாக இல்லாவிட்டால் இந்த மாற்றத்தைத் தமிழில் ஒரு வரியில்கூட எழுத முடியாது.

‘டார்கெட்டிங்’ என்பதற்கே பட்டியலில் சொல் இல்லை. ‘தலைக்குறித் தாக்கு’ என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் தலைக்கவச உச்சியால் மோதினால் எதிராளியின் உடலில் எங்கே பட்டாலும் குற்றம்தான், அதை இது விட்டுவிடுகிறது. இரண்டையும் உள்ளடக்கும் சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்