வலது கை மரத்துப் போகிறது, அவசரம்

கோட்டையூரான்:
இரண்டு வாரமாகக் கை மரத்துப் போகிறது, இரவில் தூக்கமே கலைகிறது. தினமும் பத்து மணி நேரம் தட்டச்சு. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு மொழிபெயர்ப்பை அனுப்பியாக வேண்டும். மணிக்கட்டுப் பட்டை மாட்டியும் குறையவில்லை. எந்த விசைப்பலகை வாங்கலாம்? காரைக்குடியில் கிடைப்பதாகச் சொல்லுங்கள்.

தேவகோட்டைத் தெற்கு:
எந்த விரல்? மடிக்கணினியா? நாற்காலியா, தரையா? சர்க்கரை உண்டா? கையைத் தவிர எதையுமே சொல்லவில்லையே.

பழைய பிழைதிருத்தி:
மாதம் ஒருவர் இதையே கேட்கிறார். முந்தைய இழைகளைத் தேடிப் படிக்கும் வழக்கம் ஒழிந்துவிட்டது போலும். 1713இலேயே இத்தாலிய மருத்துவர் ராமத்சீனி, எழுத்தர்களின் நோவுக்கு மூன்று காரணம் எழுதிவைத்தார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே மாதிரி அசைவது, பிழை வந்துவிடுமோ என்ற மன இறுக்கம். புது விசைப்பலகை இதில் எதைத் தீர்க்கும், தம்பி?

பள்ளத்தூர் ஆச்சி:
அவரை ஏன் கடிகிறீர்கள்? என் மகள் பிள்ளை உண்டாகியிருந்தபோது இப்படித்தான் நள்ளிரவில் எழுந்து கையை உதறிக்கொண்டிருப்பாள். கட்டைவிரலும் அடுத்த இரண்டும் மரத்துப்போகும். மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டிருக்கிறது என்றார் மருத்துவர். தைராய்டு, சர்க்கரை இருந்தாலும் வருமாம். இரண்டையும் பார்த்துவிடுங்கள் தம்பி.

தமிழ்99 பித்தன்:
ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் ஒலிபெயர்ப்பு முறையில்தானே தட்டுகிறீர்கள்? ள, ண, ற எல்லாவற்றுக்கும் ஷிப்ட். சுண்டுவிரல் என்ன பாவம் செய்தது? தமிழ்99 விசைப்பலகை முறையில் இடக்கையில் உயிர், வலக்கையில் பெரும்பாலும் மெய். "அம்மா"வுக்கு அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு. புள்ளி தானாக விழும்.

தட்டச்சு உயர்நிலை:
மெய்யெல்லாம் வலக்கையில் என்கிறீர்கள். அவருக்கு நோவதும் வலக்கை. நல்ல வைத்தியம்!

தமிழ்99 பித்தன்:
மெய்யும் உயிரும் மாறி மாறி வருவதால் ஒரு கை தட்டும்போது மற்றது ஓய்வெடுக்கிறது. தட்டச்சுப் பயிலகத்தில் இரும்பு எந்திரத்தைக் குத்திப் பழகியவர்களுக்கு இது விளங்காது.

தட்டச்சு உயர்நிலை:
அந்த எந்திரத்தில் வரி முடிந்தால் கையைத் தூக்கி உருளையைத் தள்ள வேண்டும், தாள் மாற்ற வேண்டும். கைக்கு அதுவே ஓய்வு. உங்கள் கணினியில் எது நிறுத்துகிறது?

பழைய பிழைதிருத்தி:
இந்தச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது.

கோட்டையூரான்:
மன்னிக்கவும், விடுபட்டுவிட்டது. சுண்டுவிரலும் மோதிர விரலில் அதை ஒட்டிய பாதியும். சர்க்கரை இல்லை. வீட்டு முகப்பில், ஐயா காலத்துக் கணக்குப்பிள்ளையின் சாய்வு மேசை முன் சம்மணமிட்டு உட்காருவேன். பர்மாத் தேக்கு. மடிக்கணினி சறுக்கும் என்பதால் வலது முழங்கையை விளிம்பில் ஊன்றிக்கொள்வேன்.

இயன்முறையாளர்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! ஆச்சி சொன்னது வேறு நரம்பு. சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு முழங்கையின் உட்புற எலும்புக்குப் பின்னால், தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. இடித்துக்கொண்டால் மின்சாரம் தாக்கியது போல் சுரீர் என்குமே, அதேதான். பகலெல்லாம் தேக்கு விளிம்பு அதை அழுத்துகிறது. இரவில் கையை மடக்கித் தூங்கினால் நரம்பு இழுபடுகிறது. மணிக்கட்டுப் பட்டை என்ன செய்யும்?

முழங்கையை எங்கும் ஊன்றாதீர்கள். சாதாரண மேசை, நாற்காலிக்கு மாறுங்கள். மடிக்கணினியைப் புத்தக அடுக்கின் மேல் கண் மட்டத்துக்கு உயர்த்தி, தனி விசைப்பலகையை முழங்கை உயரத்தில் வையுங்கள். எந்த வகையானாலும் சரி. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து வீட்டு வளவைச் சுற்றி வாருங்கள். படுக்கும்போது முழங்கையில் ஒரு துண்டைத் தளர்வாகச் சுற்றினால் மடங்காது. பிடி தளர்ந்தாலோ, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே சதை வற்றினாலோ காத்திருக்க வேண்டாம். நரம்பு மருத்துவரிடம் போய்விடுங்கள். ஆறு வாரத்தில் குறையாவிட்டாலும் அப்படியே.

பழைய பிழைதிருத்தி:
ஓயாமல் உட்கார்ந்திருப்பது என்று நானும் சொன்னேன்.

தேவகோட்டைத் தெற்கு:
எந்த விரல் என்று நான்தான் முதலில் கேட்டேன். பதிவாகட்டும்.

கோட்டையூரான்:
வேலையை அனுப்பியாயிற்று. துண்டு சுற்றி நான்கு இரவு தூங்கினேன். மரப்பு பாதியாகியிருக்கிறது. தேக்கு மேசையில் இப்போது அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டி இருக்கிறது. அனைவருக்கும் நன்றி.

தமிழ்99 பித்தன்:
எந்த முறையில் தட்டுகிறீர்கள் என்று கடைசிவரை சொல்லவே இல்லையே?